ஆயிலுக்குப் பழகிய கை

1955-ல் வடசென்னையில் இரண்டு காரியங்கள் நடந்தன. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. அதற்குத் தெற்கே திருவொற்றியூரில், மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வுக்குத் தொழிற்சாலை கட்டத் தொடங்கின. அடுத்த ஆண்டு அது திறக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் 163 புல்லட்டுகள் வெளியே வந்தன. எண்ணூர் லாரிக்கு ரேடியேட்டரும் தண்ணீரும். திருவொற்றியூர் புல்லட்டுக்குச் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள், அவற்றைத் தடவிப் போகும் காற்று. அவ்வளவுதான்.

இந்தப் பிரிவினை அந்த வட்டாரப் பட்டறைகளிலும் படிந்துவிட்டது. லாரி மெக்கானிக்குக் கொதிக்கிற ரேடியேட்டர் தெரியும். பைக் மெக்கானிக்குத் தெரிந்த ஒழுகல் எல்லாம் ஆயில் ஒழுகல். புல்லட் நின்ற இடத்தில் ஆயில் கறை இல்லையென்றால் வண்டியில் ஆயிலே இல்லை என்று அர்த்தம் என்பது பழைய கிண்டல். அதற்கு வைத்தியமும் எளிது. மூட்டைத் துடைத்து, சென்னையிலேயே தயாராகும் அனபாண்ட் கேஸ்கெட் பசையைப் பிதுக்கித் தடவி, ராத்திரி காயவிட்டால் காலையில் வண்டி போய்விடும்.

2008-ல் யமஹா ஆர்15, 2012-ல் கேடிஎம் டியூக் 200, பல்சர் 200 என்எஸ் என்று தண்ணீரில் குளிரும் என்ஜின்கள் பைக்குக்கு வந்து சேர்ந்தன. 2023 நவம்பரில் ராயல் என்ஃபீல்டே 452 சிசி ஹிமாலயனில் தன் முதல் லிக்விட் கூல்டு என்ஜினை இறக்கியது. என்ஜின் மாறியது, கை மாறவில்லை. ரீபோர் செய்து பூட்டிய வண்டி மறுநாளே அடியில் பச்சையாகச் சொட்டிக்கொண்டு திரும்பி வந்தால், கை முதலில் தேடுவது அந்த அனபாண்ட் டியூபைத்தான். அது ஏன் இங்கே பலிக்காது என்பதுதான் இந்த அத்தியாயம்.

சூடான 20டபிள்யூ-50 ஆயிலையும் சூடான கூலன்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 டிகிரியில் ஆயில், கூலன்ட்டைவிட இருபது மடங்குக்கும் மேல் கெட்டி. ஆயில் நுழையத் தயங்கும் கீறலில் கூலன்ட் சுலபமாக நுழைந்துவிடும். அழுத்தமும் வேறு. கிராங்க் கேஸுக்கு மூச்சுக்குழாய் உண்டு. எனவே கேஸ் மூட்டில் ஆயிலை வெளியே தள்ளும் விசை அதிகமில்லை, பெரும்பாலும் தெறித்து வழிவதுதான். கூலன்ட்டோ வேண்டுமென்றே அழுத்தத்தில் அடைத்து வைக்கப்பட்டது. ரேடியேட்டர் மூடியில் 1.1 என்று போட்டிருந்தால், உள்ளே வெளிக்காற்றைவிட 1.1 பார் கூடுதலாக ஏறும்வரை அந்த மூடி திறக்காது என்று பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைக்காலைப் பாதிக்குப் பாதி கலந்தால் இன்னும் சில டிகிரி மேலே போகும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்குப் பின்னால் அரை மணி நேரம் நின்றாலும், ஃபேன் சுற்றச் சுற்ற, உள்ளே கொதிக்காமல் காப்பது இந்தக் கூடுதல் அழுத்தம்தான். ஒழுகலைக் கிளப்புவதும் அதுவேதான்.

ஒரு 200 சிசி வண்டியை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன், ரிங் மாற்றியாயிற்று. ஹெட்டைக் கழற்றிப் பூட்டியாயிற்று. பம்ப் மூடியும் திறந்து மூடப்பட்டது. வண்டிக்காரர் வந்து, “அண்ணே, நேத்துதான் என்ஜின் பண்ணீங்க, இன்னிக்கு அடியில பச்சையா ஒழுவுது” என்கிறார். நல்ல மெக்கானிக் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் கேட்பது: “ஓடும்போதா, நிக்கும்போதா?” இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். சூடேறி அழுத்தம் ஏறியபின் மட்டும் சொட்டினால் ஓஸ் கிளிப், மூட்டு, ஓ-ரிங் பக்கம் தேடலாம். என்ஜின் சுற்றும்போது மட்டும் சொட்டினால் சுற்றுகிற பாகமான பம்ப் தண்டின் மேல்தான் சந்தேகம். எங்கும் சொட்டவில்லை, ஆனால் லெவல் மட்டும் குறைகிறது என்றால் விஷயம் உள்ளே இருக்கிறது.

ஓடிப் பழசான வண்டியில் ஒழுகல் தேய்மானத்தால் வரும். எங்கே வேண்டுமானாலும் வரலாம். நேற்று பூட்டிய வண்டியில் அது அநேகமாகக் கைபட்ட இடத்தில்தான் வரும். அந்த இடங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஹெட் கேஸ்கெட், பம்ப் மூடி, பம்ப் சீல், தெர்மோஸ்டாட் ஹவுசிங், ஓஸ் முனைகள், டிரெய்ன் போல்ட்டின் செம்பு வாஷர். கடைசியாகச் சொன்னது அற்பம்போலத் தெரியும். ஒரு முறை நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும். மறுபடி அதே வாஷரைப் போட்டால் முகத்தோடு படியாது. புதிது போடுங்கள், அதிகம் செலவாகாது.

இப்போது பம்ப்புக்கு வருவோம், விவரம் இங்கேதான் அதிகம். பம்ப் மூடிக்குக் கீழே, விரல்நுனியால் தடவினால் தட்டுப்படும் சின்னத் துளை ஒன்று இருக்கும். சொட்டு அங்கிருந்து வருவதைப் பார்த்ததும் “இங்கதான் ஓட்டை” என்று அதை அனபாண்டால் அடைத்த வண்டிகள் உண்டு. அந்தத் துளையை வடிவமைத்தவரே வைத்தார். பம்ப் தண்டின் ஒரு முனை கூலன்ட்டில் சுற்றுகிறது, மறுமுனை ஆயிலில். நடுவில் இரண்டு சீல்கள். கூலன்ட் பக்கம் மெக்கானிக்கல் சீல், ஆயில் பக்கம் சாதாரண ரப்பர் ஆயில் சீல். இரண்டுக்கும் இடையே ஒரு காலி அறை. அந்த அறையின் வடிகால்தான் இந்தத் துளை. எந்தச் சீல் தோற்றாலும் திரவம் மற்ற பக்கம் போகாமல் வெளியே வந்து விழவேண்டும் என்பதற்காக வைத்தது. பச்சையாகச் சொட்டினால் மெக்கானிக்கல் சீல் போயிற்று. கறுப்பாகச் சொட்டினால் ஆயில் சீல். துளையை அடைத்தால் கூலன்ட் ஆயில் சீலைத் தாண்டி கிராங்க் கேஸுக்குள் இறங்கும், ஆயில் பால் டீ நிறத்துக்கு வரும், அதற்குப் பிறகு பேரிங்குகளின் ஆயுள் கொஞ்சம்தான். ஆயில் காலத்தில் ஒழுகலை நிறுத்துவது சரியான வேலை. இந்தத் துளையில் ஒழுகலை நிறுத்துவது தகவலை நிறுத்துவதாகும்.

காசிமேட்டு விசைப்படகுக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. கடல்நீரை இழுக்கும் படகு என்ஜின் பம்ப்புகளிலும் இரண்டு சீலுக்கு நடுவே இதே வடிகால் வைக்கப்படுவதுண்டு. அங்கே ஆயிலுக்குள் உப்புத் தண்ணீர் போனால் நடுக்கடலில் என்ஜின் நிற்கும். அதனால் துளையின் மரியாதையும் அங்கே அதிகம்.

மெக்கானிக்கல் சீல் என்பது இரண்டு வளையங்கள். ஒன்று கார்பன், ஸ்பிரிங் தள்ள நிலையாக நிற்கிறது. மற்றது செராமிக், இம்பெல்லரோடு சேர்ந்து சுற்றுகிறது. இரண்டின் முகங்களும் மைக்ரானுக்குள் தட்டையாகத் தேய்க்கப்பட்டவை. ரப்பரால் அடைப்பதுபோல இது அடைப்பதில்லை. இரண்டு முகங்களுக்கு நடுவே கூலன்ட்டே மெல்லிய ஏடாகப் படர்ந்து உயவும் தருகிறது, அந்த ஏடு காற்றுப் பக்க விளிம்புக்கு வரும்போது ஆவியாகிவிடுகிறது. கண்டிப்பாகச் சொன்னால், ஒழுகாத மெக்கானிக்கல் சீல் கிடையாது. நன்றாக இருக்கும் சீலின் ஒழுகல் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. புதுச் சீலின் முகங்கள் ஒன்றோடொன்று பழகும்வரை ஓரிரு துளி வந்து நிற்பதும் உண்டு. நிற்காமல் தொடர்ந்தால்தான் பம்ப்பை மறுபடி இறக்கவேண்டும்.

அந்த ஏடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பட்டறையில் எளிதாகப் பார்க்கலாம். என்ஜினைப் பூட்டியதும் கூலன்ட் ஊற்றுவதற்கு முன்பே, “சவுண்டு மட்டும் பாத்துக்கறேன்” என்று ஸ்டார்ட் செய்வது மெக்கானிக்குகளின் ஆசை. காற்றில் குளிரும் என்ஜினில் அதனால் ஒன்றும் கெடாது. இங்கே கார்பனும் செராமிக்கும் உலர்ந்தபடி உரசுகின்றன. சில விநாடிகளில் முகம் சூடேறி, கீறி, தட்டை போய்விடும். பிறகு எவ்வளவு நல்ல கூலன்ட் ஊற்றினாலும் துளையில் சொட்டும். சீலைப் போடும்போது கார்பன் முகத்தைக் கிரீஸ் விரலால் தொடுவதும், சாக்கெட்டை வைத்துச் சுத்தியலால் தட்டி இறக்குவதும் இதே பலனைத் தரும். புதுச் சீல் போட்டும் ஒழுகுகிறது என்றால் சாமானைத் திட்டுவதற்கு முன் போட்ட விதத்தைக் கேட்பது நியாயம்.

ஓ-ரிங்கிலும் பழைய பழக்கம் குறுக்கே வரும். ரப்பர் எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் குணம் ஒன்றல்ல. ஆயில் பக்கம் நைட்ரைல், கூலன்ட் பக்கம் பெரும்பாலும் இபிடிஎம். நைட்ரைலுக்கு ஆயில் ஒத்துப்போகும், சூடான கூலன்ட்டில் அது நாளடைவில் விறைத்துவிடும். இபிடிஎம் நேர்எதிர்: கொதிக்கும் கூலன்ட்டில் ஆண்டுக்கணக்கில் இருக்கும், ஆயில் பட்டால் உப்பும். பூட்டுவதற்கு முன் ரிங்கில் கொஞ்சம் என்ஜின் ஆயில் தடவும் கை, கூலன்ட் ரிங்கை அப்போதே பாழாக்குகிறது. கூலன்ட்டையோ சிலிகான் கிரீஸையோ தடவலாம். கடையில் அளவு மட்டும் பார்த்து எடுத்துக் கொடுக்கும் ரிங் எந்த ரகம் என்று கண்ணால் சொல்ல முடியாது. பார்ட் நம்பரைச் சொல்லி வாங்குவதைத் தவிர வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, துளி எங்கே விழுகிறது என்று தெரிகிறது, எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரியவில்லை. கூலன்ட் மூட்டோரமாக ஊர்ந்து, காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, தாழ்ந்த ஒரு போல்ட் தலையில் சேர்ந்து சொட்டும். போல்ட் நிரபராதி. ஈரம் தெரியும் இடங்களில் எது ஆக உயரமாகவும் முன்னாலும் இருக்கிறதோ அங்கிருந்து தேடவேண்டும். அதற்கு முன் என்ஜினை நன்றாகக் கழுவி உலர்த்திவிட வேண்டும். அழுக்கு என்ஜினில் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. பிறகு ரேடியேட்டர் மூடிக்குப் பதில் கை பம்ப்பைப் பொருத்தி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கே காற்றடித்து, முள்ளைப் பார்க்கவேண்டும். என்ஜின் குளிர்ந்தே இருக்கும், ஓடும்போதுள்ள அழுத்தம் மட்டும் உள்ளே இருக்கும். கை சுடாமல் ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பார்க்கலாம். என் கணக்கில், ரீபோர் செய்த எந்த லிக்விட் கூல்டு வண்டியையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யாதது சோம்பேறித்தனம்.

பச்சைக் கூலன்ட்டின் நிறம் வெறும் அலங்காரமும் இல்லை. அவற்றில் பலவற்றுக்கு அந்தப் பச்சையைத் தருவது ஃபுளோரசின் சாயம். ஜெர்மன் வேதியியலர் அடால்ஃப் ஃபான் பேயர் 1871-ல் உருவாக்கியது. ஆறு ஆண்டுகளிலேயே அது ஒரு பெரிய ஒழுகலைத் துப்பறிய உதவியது. ஜெர்மனியின் இம்மெண்டிங்கன் அருகே டான்யூப் ஆறு சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளில் இறங்கிக் காணாமல் போகும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று அறிய, 1877-ல் நிலவியலர் அடால்ஃப் க்னோப் அங்கே 10 கிலோ ஃபுளோரசினைக் கரைத்தார். கூடவே டன்கணக்கில் உப்பும் கொட்டப்பட்டது. சுமார் 60 மணி நேரம் கழித்து, 12 கிலோமீட்டர் தள்ளி ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. கருங்கடலுக்குப் போகவேண்டிய டான்யூப் தண்ணீர் ரைன் வழியாக வடகடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதே சாயம் இருக்கும் கூலன்ட்டைத் தேட, கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச் போதும். பட்டறை விளக்கை அணைத்துவிட்டு அடித்தால், கண்ணுக்குத் தெரியாத ஈரக்கோடு மூட்டிலிருந்து போல்ட்வரை மஞ்சள் பச்சையாக எரியும். எல்லாக் கூலன்ட்டிலும் இந்தச் சாயம் இராது. இல்லாவிட்டால் தனியாக வாங்கிக் கலக்கலாம்.

வடசென்னைக்கென்று ஒரு தனிக் கணக்கும் உண்டு, தண்ணீரில். மீஞ்சூர்ப் பகுதியில் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் நிலத்தடி நீரை இறைத்து இறைத்து, 1960-களின் இறுதியிலேயே கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது தெரிய வந்தது. காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010-ல் திறக்கப்பட்டதற்கு இந்தத் தட்டுப்பாடும் பின்னணி. அந்தப் பக்கத்து போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் குளோரைடும் சேர்ந்து போகிறது. குளோரைடு லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது என்ஜின் துறையில் புழங்கும் ஒரு வரம்பு. கடல்நீரில் அது 19,000. அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் ஆக்சைடுத் தோல். குளோரைடு அந்தத் தோலைப் புள்ளி புள்ளியாகத் துளைத்து, கீழே குழி பறிக்கும். குழிகள் ஹெட் முகத்தில், தண்ணீர்த் துளைகளைச் சுற்றி விழும். பழைய கேஸ்கெட் அவற்றின் மேல் படிந்து கிடந்தவரை ஒழுகல் தெரியாது. பிரித்துப் புதுக் கேஸ்கெட் வைத்ததும் குழி வழியாகப் பாதை திறந்துவிடும். அடர் கூலன்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரிலேயே கலக்கவேண்டும். முன்கலந்து வரும் கேனுக்கு அந்த வேலையும் இல்லை.

ஒழுகல் இல்லாமலே ஒழுகலாகத் தெரிவது ஏர் லாக். ஹெட்டில் காற்று சிக்கினால் அந்த இடத்தில் கூலன்ட் கொதித்து ஆவியாகி, மற்றதை ஓவர்ஃப்ளோ டேங்குக்குத் தள்ளி வழியவைக்கும். என்ஜின் கொதிக்கிறது, ரேடியேட்டர் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான். பிளீடு ஸ்குரூவைத் திறந்து குமிழி நிற்கும்வரை ஊற்றினால் தீரும்.

இனி ஹெட் கேஸ்கெட். வெளியே ஒரு துளி இல்லை, ஆனால் லெவல் இறங்குகிறது என்ற புகாருக்கு இதுவே முதல் சந்தேகம். ஒரே தகடு, ஒரு பக்கம் பெட்ரோல் வெடிக்கும்போது வளிமண்டலத்தைப்போல ஐம்பது அறுபது மடங்கு அழுத்தம், சில மில்லிமீட்டர் தள்ளி வெறும் ஒரு பார் கூலன்ட். தகட்டில் இடைவெளி விழுந்தால் யார் யாரைத் தள்ளுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஓடும்போது வாயு கூலன்ட்டுக்குள் போகும். டேங்கில் குமிழி விடும், லெவல் ஏறி வழியும். வண்டியை நிறுத்தியதும் சிலிண்டரில் அழுத்தம் போய்விடுகிறது, கூலன்ட்டில் மட்டும் மிச்சமிருக்கிறது. இப்போது பாதை திரும்பி, கூலன்ட் சிலிண்டருக்குள் கசியும். மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வரும். ரேடியேட்டர் வாயில் எழும் காற்றை புரோமோதைமால் புளூ என்ற நீலத் திரவத்தின் வழியே இழுத்தால் உறுதி செய்யலாம். எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தால் நீலம் பச்சையாகி மஞ்சளுக்குப் போகும்.

காரணம் கேஸ்கெட்டாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. முகத்தின் மேல் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தால், பல பைக்குகளில் 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தாலே ஃபேஸிங் தேவை. எமரி பேப்பரைக் கையால் தேய்த்து முகத்தை “சுத்தம்” செய்தால் நடுவில் பள்ளமும் ஓரத்தில் சரிவும் விழும். அடுத்தது டார்க். ரெஞ்ச் ‘கிளிக்’ என்றதும் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். நாம் கொடுத்த முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுத்து ஹெட்டை அமுக்குகிறது. மீதியைத் தலையடி உராய்வும் திரெட் உராய்வும் தின்றுவிடுகின்றன. எண்ணூர்க் காற்றில் துருவேறிய திரெட் இன்னும் அதிகமாகத் தின்னும். கிளிக் வந்திருக்கும், இறுக்கம் வந்திருக்காது. கேஸ் துளைக்குள் கூலன்ட் தேங்கி நின்றால் ஸ்டட் அதன்மேல் முட்டி இன்னொரு பொய் கிளிக் வரும், துரதிர்ஷ்டம் இருந்தால் கேஸும் விரியும். துளையை ஊதி, திரெட்டைத் துலக்கி, மேனுவல் சொன்னால் மட்டும் ஆயில் தொட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக இறுக்கவேண்டும்.

சூடும் தன் பங்குக்கு விளையாடும். 120 மில்லிமீட்டர் நீள எஃகு ஸ்டட் 80 டிகிரி சூடேறினால் 0.115 மில்லிமீட்டர் நீளும். அதே உயர அலுமினியம் 0.22 நீளும். வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர், மேலே சொன்ன ஃபேஸிங் வரம்பைப்போல இரண்டு மடங்கு. ஆக, சூடான என்ஜினில் கேஸ்கெட் இன்னும் இறுகும். ஒரு முறை அளவு மீறிக் கொதித்துவிட்டால் வாஷருக்கு அடியில் அலுமினியம் நசுங்கி அப்படியே நின்றுவிடும், குளிர்ந்ததும் ஸ்டட் தளர்ந்திருக்கும். ஒழுகலைக் கவனிக்காமல் ஓட்டிக் கொதிக்கவிட்ட வண்டிக்கு வெறும் கேஸ்கெட் மாற்றினால் திரும்பி வருவது இதனால்தான்.

அனபாண்ட் இந்தக் கூலன்ட் மூட்டுகளில் எதற்கும் தீர்வாகாது. அதிகமாகப் போட்டால் உள்பக்கம் பிதுங்கிய துணுக்கு உதிர்ந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாயில் போய் அடைக்கும். மேனுவல் கேட்கிற மூட்டில், கேட்கிற அளவு. அதற்குமேல் வேண்டாம்.

வேலை முடிந்ததும் தட்டில் பச்சைத் தண்ணீர் மிச்சமிருக்கும். பட்டறைகளில் பெரும்பாலும் அது தெருக் கால்வாய்க்குப் போகிறது. எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும், தெருநாய் நக்கும். கல்லீரல் அதை ஆக்சாலிக் அமிலம்வரை உடைக்கிறது. அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக நிற்கிறது. வினோதம் என்னவென்றால், அந்த வேலையைத் தொடங்கும் நொதிக்கு எத்தனால்தான் அதிக இஷ்டம். அதனால் கிளைக்கால் குடித்தவருக்கு மருத்துவமனையில் எத்தனாலையே மாற்று மருந்தாகக் கொடுப்பதும் உண்டு. வடித்த கூலன்ட்டைத் தனிக் கேனில் பிடித்து, மூடி, பெயர் எழுதி வைக்கவேண்டும். பழைய ஆயில் டிரம்மில் ஊற்றிவிடாதீர்கள். கிளைக்கால் கலந்தால் சுத்திகரிப்புக்குப் போகவேண்டிய ஆயிலும் கெட்டுவிடும்.